குறும்படம் கத்துக்க விஸ்காமா, தரமணியா, இல்ல போனை தூக்கிட்டு கிளம்பிடலாமா?

போன மாசம் மதுரைல இருந்து சித்தப்பா போன் பண்ணார். பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான், இன்ஜினியரிங் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், ஷார்ட் ஃபிலிம் எடுக்கக் கத்துக்கணுமாம், நீதான் அந்த லைன்ல இருக்கியேப்பா, அதுக்கெல்லாம் டிகிரி கூட இருக்காமே, எங்க சேர்க்கட்டும்னு கேட்டார். அந்த லைன்ல இருக்கேன்றது கொஞ்சம் பெரிய வார்த்தை, விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் படிச்சிட்டு ரெண்டு வருஷம் அசிஸ்டன்ட் டைரக்டரா சுத்திட்டு இப்போ கல்யாண வீடியோவும் நகைக்கடை விளம்பரமும் எடிட் பண்ணி வண்டி ஓட்டிட்டு இருக்கேன், ஆனா ஒவ்வொரு வழியிலயும் கொஞ்சம் கொஞ்சம் கால் நனைச்சவன்ற வகையில ஏதோ சொல்லத் தெரியும். அவர்கிட்ட போன்ல முக்கால் மணி நேரம் பேசினதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், இதே கேள்வியோட இன்னும் நாலு வீட்ல சண்டை நடந்துட்டு இருக்கும்.

எல்லாரும் முதல்ல ஃபீஸ் கேப்பாங்க, அடுத்து எந்த கேமரா வச்சிருக்காங்கன்னு கேப்பாங்க, அப்பாக்கள் பிளேஸ்மென்ட் இருக்கான்னு கேப்பாங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். அங்க சேர்ந்தா மூணு வருஷத்துல எத்தனை படத்தை முடிச்சு வெளிய வைப்ப, அடுத்தவன் படத்துல எத்தனை நாள் பூம் (நீளக் கம்புல மாட்டின மைக்) பிடிச்சிருப்ப, லைட் தூக்கியிருப்ப, கிளாப் அடிச்சிருப்ப? இந்த ரெண்டு நம்பரும் பெருசா இருக்கற இடம் நல்ல இடம், கட்டடம் எப்படி இருந்தாலும். எடுக்க ஆரம்பிச்சு பாதில நிக்கிற படம் கணக்குல வராது, அது எல்லார் ஹார்ட் டிஸ்க்லயும் நாலு இருக்கும், என்கிட்டயே ஆறு இருக்கு.

விஸ்காம்லேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நம்மூர்ல பாதிக்கு மேல பசங்க அங்கதான் போறாங்க, அதைப் பத்திதான் தப்பான கற்பனையும் ஜாஸ்தி. விஷுவல் கம்யூனிகேஷன்னா சினிமா கோர்ஸ் இல்ல. மூணு வருஷ டிகிரி, அதுல டிராயிங் இருக்கும், ஸ்டில் போட்டோகிராஃபி இருக்கும், விளம்பரம், கிராஃபிக் டிசைன், ரேடியோ, டிவி, கம்யூனிகேஷன் தியரின்னு ஒரு கூட்டுப்பொரியல், அதுல சினிமா ஒரு காய். முதல் வருஷம் முழுக்க பென்சில் ஷேடிங் போட வச்சாங்கன்னு என் கூட படிச்ச ரெண்டு பேர் நின்னுட்டாங்க, எனக்கும் அப்போ கடுப்புதான், ஆனா பின்னாடி ஸ்டோரிபோர்டு போடும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு கை தானா யோசிச்சுது பாருங்க, அப்போதான் அந்த வாத்தியாரை மனசுக்குள்ள கும்பிட்டேன். சென்னைல லயோலா, கோயமுத்தூர்ல பிஎஸ்ஜின்னு பேர் வாங்கின இடங்கள் இருக்கு, சின்ன ஊர்கள்ல கூட இப்போ விஸ்காம் இல்லாத ஆர்ட்ஸ் காலேஜ் கம்மி, தரம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும்.

அந்த கோர்ஸோட உண்மையான மதிப்பு செய்முறை பேப்பர்லதான். எங்களுக்கு நாலாவது செமஸ்டர்ல ஒரு எக்ஸர்சைஸ் கொடுத்தாங்க, ஒரே ரூம், ரெண்டு பேர், ஒரு பொருள், டயலாக் கிடையாது, அஞ்சு ஷாட்ல ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன பிரச்சினைன்னு புரியணும், வெள்ளிக்கிழமை மதியம் கிளாஸ்ல போடணும். நாங்க பொருளா ஒரு வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டோம், அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, பயங்கர ஃபீலிங்கா எடுத்ததா நினைப்பு. கிளாஸ்ல போட்டதும் சார் அமைதியா கேட்டார், "இவங்க ரெண்டு பேரும் எந்த பஸ்ஸுக்கு வெயிட் பண்றாங்க?" மொத்த கிளாஸும் சிரிக்குது, எங்களுக்குப் புரியல. அப்புறம் அவரே எழுந்து வந்து ஸ்க்ரீன்ல கை வச்சு காட்டினார், அண்ணனை ஒரு பக்கத்துலேர்ந்து எடுத்திருக்கோம், தம்பிய எடுக்கும்போது லைனை, அதாவது ரெண்டு பேரையும் சேக்கற கற்பனைக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் கேமராவை வச்சிட்டோம், அதனால ரெண்டு பேருமே ஸ்க்ரீன்ல வலது பக்கமா பாக்குறாங்க, எதிரெதிர உக்காந்து முறைச்சுக்க வேண்டியவங்க ரெண்டு பேரும் வரிசையா நின்னு பஸ் பாக்குற மாதிரியே இருக்கு. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்றதை 180 டிகிரி ரூல்னு புக்ல ரெண்டு தடவை படிச்சு பரீட்சையில படம் போட்டு மார்க்கும் வாங்கினவன்தான் நான். நாப்பது பேர் முன்னாடி சிரிப்பு வாங்கினதுக்கு அப்புறம் இன்னிக்கு வரைக்கும் கல்யாண மண்டபத்துல கூட லைன் மாத்தினதில்ல.

சவுண்டும் அப்படித்தான் கத்துக்கிட்டது. ஃபைனல் இயர் படத்தை எங்க அப்பத்தா வீட்ல எடுத்தோம், ஃபேனை ஆஃப் பண்ணியாச்சு, பக்கத்து வீட்டு டிவியைக் கெஞ்சிக் கூத்தாடி ஆஃப் பண்ண வச்சாச்சு, ரெக்கார்டர்ல ஹெட்போனை மாட்டிக் கேட்டா என்னமோ ஒரு முனகல், பாத்தா ஃப்ரிட்ஜ். அதையும் பிடுங்கிட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு பேக்கப் சொல்லிட்டு ஆளாளுக்கு கிளம்பியாச்சு, ஃப்ரிட்ஜை யாரும் திரும்ப ஆன் பண்ணல. காலைல அப்பத்தா ரெண்டு நாளைக்கு ஆட்டி வச்ச இட்லி மாவு பொங்கி வழிஞ்சு கதவு இடுக்கு வரைக்கும் வந்திருக்கு. "படம் புடிக்க வந்தீகளா, என் பொழப்ப கெடுக்க வந்தீகளா"ன்னு ஒரு வாரம் பேச்சு. ஆனா அந்தப் படத்துல சவுண்ட் சுத்தமா இருந்துச்சு, அதுக்கு முந்தின செமஸ்டர்ல கேமரா மேல இருக்கற மைக்லயே எடுத்த படத்தை சார் கண்ணை மூடிட்டு கேக்கச் சொன்னார், குளத்துக்குள்ள முங்கிட்டு பேசற மாதிரி இருந்துச்சு, அந்த அவமானம்தான் எங்களை ஃப்ரிட்ஜ் வரைக்கும் போக வச்சது. படம் கொஞ்சம் மங்கலா இருந்தா கூட ஜனங்க பாப்பாங்க, சத்தம் சரியில்லன்னா அரை நிமிஷத்துல தள்ளிட்டுப் போயிடுவாங்க.

இதெல்லாம் நல்ல பக்கம். கெட்ட பக்கமும் என் காலேஜ்லயேதான் பாத்தேன், பேர் வேண்டாம். ஒரு நல்ல கேமரா வாங்கி கண்ணாடி பீரோல வச்சிருந்தாங்க, இன்ஸ்பெக்ஷன் வந்தா வெளிய வரும். நமக்கு வேணும்னா லெட்டர் எழுதி மூணு கையெழுத்து வாங்கணும், அதுல ஒருத்தர் எப்பவும் லீவு, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திருப்பிக் கொடுத்திடணும், ராத்திரி சீன் எழுதினவன் கதி அதோ கதி. இதனால என்ன ஆச்சுன்னா பாதிப் பசங்க ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு வெளியாள் பிடிச்சாங்க. கேமரா, லைட், எடிட்டிங், கலர் சரிபண்ற டிஐ எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ், வீட்ல பணம் வாங்கி கொடுத்துட்டா முடிஞ்ச படம் கையில வந்திடும், பாக்க சினிமா மாதிரியே பளபளன்னு இருக்கும், வைவாவுல மார்க்கும் வரும், ஆனா அந்தப் பையனுக்கு மூணு வருஷம் முடிஞ்சும் வெள்ளை வெள்ளையாவே தெரியற மாதிரி கேமராவுல ஒயிட் பேலன்ஸ் வைக்கத் தெரியாது. மிகைப்படுத்தி சொல்லல, அப்படி ஒருத்தன் இன்னும் எனக்கு போன் பண்ணி எக்ஸ்போர்ட் செட்டிங்ஸ் கேக்குறான்.

அதனால சித்தப்பாகிட்ட சொன்னேன், அட்மிஷன் நாள்ல எச்ஓடி (துறைத் தலைவர்) ரூம்ல உக்காந்து பிரோஷர் பாக்க வேண்டாம், போன ரெண்டு பேட்ச் பசங்க எடுத்த படங்கள் யூடியூப்ல கிடக்கும், அதை எடுத்து படத்தைக் கூட விட்டுடுங்க, கடைசில ஓடுற டைட்டில் கார்டை மட்டும் பாருங்க. ஒரு படத்துல டைரக்டரா இருக்கறவன் அடுத்த படத்துல சவுண்ட்ல இருக்கான், இன்னொண்ணுல எடிட்டர், இன்னொண்ணுல ப்ரொடக்ஷன் மேனேஜர்னு அதே பேருங்க சுத்தி சுத்தி வந்தா அந்த காலேஜ்ல வேலை நடக்குது. எல்லா படத்துலயும் ஒளிப்பதிவுன்னு ஒரே வெளியாள் பேரு வந்துச்சுன்னா அங்க நடக்கறது படிப்பு இல்ல, ஆர்டர் எடுக்கறது. அப்புறம் கேன்டீன்ல தேர்ட் இயர் பையன் ஒருத்தனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடைசியா எப்படா கேமராவை கையில தொட்டன்னு கேளுங்க, அவன் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

தரமணி கதை வேற. அரசாங்கத்தோட எம்.ஜி.ஆர். ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், 1945-லேர்ந்து இருக்கற இடம், பழைய ஆளுங்க இன்னும் அடையாறு இன்ஸ்டிட்யூட்னுதான் சொல்வாங்க. பி.சி.ஸ்ரீராம், ராஜீவ் மேனன் எல்லாம் அங்க படிச்சு வந்தவங்க. 1986-ல ஊமை விழிகள் எடுத்த ஆபாவாணன், அரவிந்த்ராஜ் செட்டும் அங்க படிச்ச பசங்கதான், அந்தப் படம் ஓடினதுக்கு அப்புறம் கோடம்பாக்கத்துல இன்ஸ்டிட்யூட் பசங்களுக்கு தனி மவுசு வந்துச்சுன்னு என் சீனியர் அசோசியேட் ஒருத்தர் சலிக்காம சொல்லிட்டே இருப்பார். இப்போ அது நாலு வருஷ டிகிரி, பிவிஏ (பேச்சிலர் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்), இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோட சேர்ந்தது, ப்ளஸ் டூ முடிச்சா அப்ளை பண்ணலாம். விஸ்காமுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், இங்க சேரும்போதே எது உன் தொழில்னு சொல்லிடணும், இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலின்னு தனித்தனி பிரிவு. பதினேழு வயசுல எனக்கு சவுண்டுதான்னு தெரிஞ்சவனுக்கு இது வரப்பிரசாதம், தெரியாதவனுக்கு நாலு வருஷம் கொஞ்சம் நீளம். இன்னொரு நல்லது, ஒரு டிப்ளமா படம், அதாவது படிப்பை முடிக்க எடுக்கற படம்னா டைரக்ஷன் பையன், கேமரா பையன், எடிட்டிங் பையன், சவுண்ட் பையன் எல்லாரும் சேர்ந்தாதான் நடக்கும், அதனால நான் சொன்ன அந்த ரெண்டாவது நம்பர், அடுத்தவன் படத்துல வேலை பாத்த நாள் கணக்கு, தானா ஏறும். தனியார் பக்கம் திரும்பிப் பாத்தா ஃபீஸும் ஒண்ணுமே இல்லைன்ற மாதிரிதான். சிக்கல் சீட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் விரல் விட்டு எண்ணலாம், இன்டர்வியூ வேற. கிடைச்சா கேள்வி கேக்காம போய் சேருங்கன்னுதான் சொல்வேன், கிடைக்கும்னு மட்டும் நம்பி வேற எதையும் போடாம இருக்காதீங்க.

புனேல இருக்கற எஃப்டிஐஐ, மத்திய அரசோட ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பத்தி தம்பி, அதான் சித்தப்பா பையன், கேட்டான், கேக்காம இருப்பானா. 1960-ல பழைய பிரபாத் ஸ்டுடியோ இடத்துல ஆரம்பிச்சது, நம்ம பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படிச்சது அங்கதான். கொல்கத்தால சத்யஜித் ரே பேர்ல 1995-லேர்ந்து இன்னொண்ணு. ஆனா ரெண்டுக்கும் டிகிரி முடிச்சிருக்கணும், என்ட்ரன்ஸ் எழுதணும், அதனால ப்ளஸ் டூ பையனுக்கு இன்னிக்கு அது ஆப்ஷனே இல்ல, மூணு வருஷம் கழிச்சு வர்ற கேள்வி. டைரக்ஷனுக்கு டிகிரி எதுவா இருந்தாலும் சரிதான், பி.காம் படிச்சிட்டு கூட போகலாம். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு போன்லயே குரல் மாறிடுச்சு, "அப்போ பி.காம் சேத்துடவா?" எஃப்டிஐஐ 2017-லேர்ந்து ஊர் ஊரா போய் ஷார்ட் கோர்ஸ் நடத்துறாங்க, ஸ்மார்ட்போன்ல படம் எடுக்கறதுக்குக் கூட நடத்தியிருக்காங்க, அறிவிப்பு வந்தா விடாம போட்டு வைக்கலாம், ஆனா சில நாள் கோர்ஸ்ன்றது பசியைத் தூண்டும், வயிறு நிறையாது.

தனியார் அகாடமிகள் சென்னைல நிறைய இருக்கு, பெரிய ஸ்டுடியோக்கள் நடத்துறதும் இருக்கு, பேர் வாங்கின ஒளிப்பதிவாளர்கள் நடத்துறதும் இருக்கு, சில இடங்கள்ல எக்விப்மென்ட்டும் பேட்ச் சைஸும் எந்த யூனிவர்சிட்டியும் கிட்ட வர முடியாத அளவுக்கு இருக்கும். லட்சக்கணக்குல ஆகும். என் அபிப்பிராயம், டிகிரி முடிச்சு ரெண்டு மூணு படம் சொந்தமா எடுத்து எங்க தட்டுதுன்னு தெரிஞ்சவன் அங்க போனா காசுக்கு மேல எடுத்துட்டு வருவான், ப்ளஸ் டூ முடிச்சு நேரா போறவன் எல்லாத்தையும் வேடிக்கை பாத்துட்டு வருவான். சித்தப்பா நிலத்தை வித்து அனுப்பற விஷயம் இல்ல அது.

அடுத்தது அசிஸ்டன்ட் டைரக்டர் ரூட். படிப்பெல்லாம் எதுக்கு, யார்கிட்டயாவது சேந்துட்டா தானா வரும்னு டீக்கடைல உக்காந்து சொல்றவங்க நிறைய. நான் ரெண்டு வருஷம் இருந்தேன், சாலிகிராமத்துல ஒரு ரூம்ல அஞ்சு பேர், ஆபீஸ் போட்டா சாப்பாடு நிச்சயம், சம்பளம் நிச்சயமில்ல, ஷூட்டிங் நாள்ல பேட்டா வரும். அங்க நான் கத்துக்கிட்டது கன்டினியூட்டி நோட் எழுதறது, ஹீரோயின் போன சீன்ல வளையலை எந்தக் கைல போட்டிருந்தாங்கன்னு ராத்திரி மூணு மணிக்கும் சொல்றது, நூறு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டை ரெண்டு நிமிஷத்துல இடம் மாத்தறது, முக்கியமா யார்கிட்ட எப்போ வாயைத் திறக்கக் கூடாதுன்றது. எந்த காலேஜும் இதைச் சொல்லித் தராது. ஆனா அந்த ரெண்டு வருஷத்துல நான் சொந்தமா முடிச்ச படம் எத்தனைன்னு கேட்டா முட்டை. ஒரே ஒரு பெரிய படம், அதுவும் டிஸ்கஷன்ல எட்டு மாசம் போயி, நடுவுல நாலு மாசம் ஃபைனான்ஸ் இல்லாம நின்னு. குறும்படம் கத்துக்கணும்னு வர்றவனுக்கு இது தப்பான பஸ், பெரிய படம் எடுக்கணும்னு இருந்தா ஏறலாம், அதுவும் இருபத்தோரு வயசுக்கு மேல, கைல ரெண்டு மூணு குறும்படத்தோட போனா உள்ள இருக்கறவங்க பாக்கற பார்வையே வேற.

கடைசியா போன். கைல இருக்கற போன்ல எடு, டாவின்சி ரிசால்வ்னு எடிட்டிங் சாஃப்ட்வேர் ஃப்ரீயா கிடைக்குது அதுல கட் பண்ணு, யூடியூப்ல போடு, காலேஜ் எதுக்குன்னு கேக்குறவங்களை நான் மறுக்க மாட்டேன், கார்த்திக் சுப்புராஜ் சாஃப்ட்வேர் வேலைல இருந்து குறும்படம் எடுத்து வந்தவர்தானே. ஆனா ஒண்ணை எல்லாரும் மறந்துடறாங்க, அவரும் நலன் குமரசாமியும் பாலாஜி மோகனும் வெளிய தெரிஞ்சது கலைஞர் டிவியோட நாளைய இயக்குநர்ன்ற குறும்படப் போட்டி மேடையில. அந்த ப்ரோகிராம் என்ன கொடுத்துச்சு? ஒரு தேதி கொடுத்துச்சு, அந்தத் தேதிக்குள்ள பத்து நிமிஷப் படம் முடிஞ்சிருக்கணும், எதிர்ல ஜட்ஜ் உக்காந்து மூஞ்சிக்கு நேரா இது தேறல இது தேறுதுன்னு சொல்வாங்க, பக்கத்துல போட்டிக்கு வந்தவன் படமும் ஓடும். நல்ல செய்முறை கோர்ஸ் கொடுக்கறதும் அதேதானே. வீட்ல தனியா போன்ல எடுக்கறவனுக்கு இந்த மூணும் கிடையாது, தேதி இல்ல, திட்ட ஆள் இல்ல, ஒப்பிட்டுப் பாக்க பக்கத்து பெஞ்ச் இல்ல. கமென்ட்ல வேற எல்லாரும் சூப்பர் ப்ரோன்னுதான் போடுவாங்க.

டெக்னிக்கலா மாட்டிக்கிட்டு முழிக்கறதும் தனியா இருக்கறவனுக்கு ஜாஸ்தி. டியூப் லைட் வெளிச்சத்துல எடுத்தா ஃப்ரேம்ல கோடு கோடா ஓடும், ஏன்னா நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், போன் தன் இஷ்டத்துக்கு செகண்டுக்கு 30 ஃப்ரேம்ல 1/60 செகண்ட் ஷட்டர் வச்சுக்கும், 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர்னு நீ கைல மாத்தினா நின்னுடும். அதே மாதிரி போன் ஃப்ரேம் ரேட்டை ஏத்தி இறக்கி எடுக்கும், தனியா ரெக்கார்ட் பண்ண சவுண்டை டைம்லைன்ல வச்சா முதல்ல வாயும் பேச்சும் ஒட்டும், அஞ்சாவது நிமிஷம் விலகிப் போயிருக்கும், கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டுக்கு மாத்திட்டுதான் எடிட்ல ஏத்தணும். லேப்ல பக்கத்து சீட்டு சீனியர் ரெண்டு நிமிஷத்துல சொல்லிட்டுப் போற விஷயம், தனியா இருந்தப்போ எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு லீவு போச்சு.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்னா, தரமணிக்கு போடு, அதோட வீட்லேர்ந்து பஸ்ல போய் வர்ற தூரத்துல ஒரு விஸ்காமுக்கும் போடு, ஹாஸ்டல் காசு மிச்சமானா அது ஒரு வருஷத்துப் படச் செலவு. அசிஸ்டன்ட் வேலை, புனே, தனியார் எல்லாம் இருபத்தோரு வயசுக்கு அப்புறம் பேசிக்கலாம், இப்போ வேண்டாம். போன் மட்டும் இன்னிக்கே ஆரம்பி, அட்மிஷன் வர்ற வரைக்கும் வாரம் ஒரு எக்ஸர்சைஸ், வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு வந்து சேரணும், வரலைன்னா அந்த வாரம் உன் அண்ணன் உன்கிட்ட பேச மாட்டான். ஆஸ்கர்ல நாப்பது நிமிஷம் வரைக்கும் குறும்படம்னு எடுத்துக்கறாங்கன்னு எங்கயோ படிச்சிட்டு முப்பத்தெட்டு நிமிஷத்துக்கு கதை வச்சிருக்கேன்னான், அதை பீரோல வச்சுப் பூட்டச் சொல்லியிருக்கேன்.

டைட்டில் கார்டு சோதனையை அவனே பண்ணான். மூணு காலேஜ் படங்களை ஒரு நோட்ல கோடு போட்டு எழுதியிருக்கான், எந்தப் பேர் எத்தனை தடவை எந்த வேலைல வந்திருக்குன்னு. ஒரு காலேஜ்ல பதினோரு படத்துல ஒன்பதுக்கு ஒரே வெளியாள் கேமரா, அதை அடிச்சிட்டான். இன்னொரு காலேஜ்ல ஒரு பொண்ணு பேரு ஏழு படத்துல வருது, ரெண்டுல சவுண்ட், மூணுல எடிட்டிங், ஒண்ணுல கலை, ஒண்ணுல டைரக்ஷன். "அண்ணே, இந்தக்கா படிச்ச காலேஜ்தான் எனக்கு"ன்னு சொல்லிட்டான். தரமணி முடிவு இன்னும் வரல.

முதல் எக்ஸர்சைஸ் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொண்ணு அம்பதுக்கு வந்துச்சு. அஞ்சு ஷாட், பொருள் ரேஷன் கார்டு, சித்தப்பாவும் சித்தியும் நடிச்சிருக்காங்க, சித்தி நல்லாவே பண்ணியிருக்காங்க. லைனைத் தாண்டல. ஆனா ஹால் டியூப் லைட்டுக்கு கீழ எடுத்திருக்கான், மூஞ்சி மேல கோடு கோடா ஓடுது. ஷட்டரை ஐம்பதுல வைடான்னு அனுப்பினேன். "அண்ணே அந்த ஆப்ஷன் என் போன்ல எங்க இருக்கு"ன்னு கேட்டு செட்டிங்ஸ் பூராத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருக்கான், பதினாலு படம், ஒண்ணொண்ணா பாத்துட்டு இருக்கேன்.